ஹென்றி கூப்பர் எவ்வளவு நல்ல குத்துச்சண்டை வீரர்?

பிரிட்டிஷ்காரர்கள் ஹென்றி கூப்பரை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அவர் நிஜமாகவே பெரிய வீரரா, இல்லை 1963-ல் முகமது அலியை ஒரு தடவை கீழே விழ வைத்ததால் வந்த பெயர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அலி ரசிகர்கள் பலர் "ஒரு குத்து விட்ட ஆள்" என்று கூப்பரை அதோடு முடித்துவிடுகிறார்கள். லண்டன் ரசிகர்களில் பலர், அன்றைக்கு அலியின் க்ளவுஸ் மட்டும் கிழியாமல் இருந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் தப்பு என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பர் உலக சாம்பியன் தரத்துக்கு ஒரு படி கீழே இருந்தவர். ஆனால் அந்தப் படியிலிருந்து அவரை இறக்கப் பிரிட்டனில் பத்து வருஷத்துக்கு மேல் எவனாலும் முடியவில்லை. அலியை விழ வைத்த குத்து அதிர்ஷ்டத்தில் பட்டது இல்லை, அது அவர் காலமெல்லாம் செய்துகொண்டிருந்த வேலை. அடுத்த ரவுண்டில் அவர் தோற்றதும் சதியால் இல்லை, அதுவும் அவருக்கு முன்பே நடந்த கதைதான். ஒரு பக்கம் இடது கை, இன்னொரு பக்கம் புருவத் தோல். கூப்பரின் மொத்தத் தொழிலையும் இந்த இரண்டும்தான் தீர்மானித்தன.

கணக்கைப் பார்ப்போம். 1954 செப்டம்பரில் தொழில்முறைக்கு வந்தார், 1971 மார்ச்சில் விட்டார். 55 சண்டைகள், 40 வெற்றி, 14 தோல்வி, ஒரு டிரா. வெற்றிகளில் 27 கெடுவுக்கு முன்பே, அதாவது எல்லா ரவுண்டும் முடிவதற்குள்ளேயே முடிந்தவை. பதினாலு தோல்வி என்று கேட்டதும் இன்றைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் இப்போதெல்லாம் ஒரு வீரரை 25-0, 30-0 என்று பொத்திப் பொத்தி வளர்த்துத்தான் டைட்டில் சண்டைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை, இருபத்திரண்டு வயதுப் பையனைக் கொண்டுபோய் ஐரோப்பிய சாம்பியனுக்கு எதிரே நிறுத்துவார்கள். ஆகவே அந்தப் பதினாலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுத்தமாக நாக்அவுட் ஆனது நாலு பேரிடம்: ஜோ பைகிரேவ்ஸ், இங்கமார் ஜொஹான்சன், ஸோரா ஃபோலி, ஃப்ளாய்ட் பேட்டர்சன். ரத்தக் காயத்தால் நடுவர் நிறுத்தியது நாலு, அதில் இரண்டு அலியோடு. ஒன்று ஜெர்மனியில் எரிக் ஷாப்னரோடு ஆடியபோது தகுதி நீக்கம். மீதி ஐந்து பாயிண்டில். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டால் ஆளைப் பற்றி நிறையப் புரியும்.

அவர் பிறந்தது 1934-ல், லண்டனில். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரர் ஜார்ஜ், அவரும் ஜிம் கூப்பர் என்ற பெயரில் ரிங்கில் ஏறினார். இரண்டு பேரும் சுவருக்குப் பூச்சுவேலை செய்து பிழைத்தவர்கள். அமெச்சூராக ஹென்றி லைட் ஹெவிவெயிட்டில் இங்கிலாந்து சாம்பியன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கும் போனார், அங்கே சோவியத் வீரர் பெரோவிடம் தோற்றார். அப்புறம் ராணுவச் சேவை, அது முடிந்ததும் ஜிம் விக்ஸ் என்ற மேனேஜரிடம் கையெழுத்துப் போட்டு, ஓய்வு பெறும் வரைக்கும் அவர் கூடவே இருந்தார். குத்துச்சண்டைத் தொழிலில் இது ரொம்ப அபூர்வம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், அதாவது அந்த இடது கை.

கூப்பர் பிறவியிலேயே இடது கைக்காரர். சாதாரணமாக இடது கைக்காரர்கள் வலது காலையும் வலது கையையும் முன்னால் வைத்து, பலமான இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். கூப்பர் அப்படி நிற்கவில்லை. வலது கைக்காரர்கள் மாதிரி இடது காலை முன்னால் வைத்து நின்றார். இதனால் அவருடைய பலமான கை எதிராளிக்குப் பக்கத்திலேயே, முன்னாலேயே இருந்தது. மற்றவர்களுக்கு ஜாப் என்பது தூரம் அளக்கிற, தொந்தரவு பண்ணுகிற குத்து. கூப்பருக்கு அதே கையில் ஜாபும் இருந்தது, ஆளைச் சாய்க்கிற ஹூக்கும் இருந்தது. இரண்டு, மூன்று தடவை நேராக ஜாப் வரும், எதிராளி அதைத் தட்டிவிட வலது கையை முன்னால் கொண்டுவருவான், தாடைக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகும், நாலாவது தடவை அதே மாதிரி கிளம்புகிற கை பாதி வழியில் முழங்கையை உயர்த்திப் பக்கவாட்டில் திரும்பி வந்து விழும். கிளம்பும்போது அது ஜாபா ஹூக்கா என்று எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது. பத்திரிகைகள் அந்த ஹூக்கை "ஹென்றியின் சுத்தியல்" என்று எழுதின, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1958 செப்டம்பரில் வேல்ஸில் டிக் ரிச்சர்ட்சனோடு நடந்த சண்டை. ரிச்சர்ட்சன் பெரிய ஆள், முரட்டு ஆள். ஐந்தாவது ரவுண்டில் கூப்பரைக் கீழே தள்ளிவிட்டான். கூப்பர் எழுந்தவுடன் முடித்துவிடலாம் என்று கையைத் திறந்துபோட்டு ஓடி வந்தான், அந்த இடது ஹூக் நேராகப் போய் விழுந்தது, சண்டை அங்கேயே முடிந்தது. கூப்பருக்கு முந்தைய இரண்டு வருஷமும் மோசமான காலம். பைகிரேவ்ஸ், ஜொஹான்சன், ஜோ எர்ஸ்கின் என்று 1957-ல் மட்டும் மூன்று டைட்டில் சண்டைகளில் அடுத்தடுத்துத் தோற்று, இவன் கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். ரிச்சர்ட்சனை வீழ்த்திய அடுத்த மாதமே, உலக டைட்டிலுக்கு வரிசையில் நின்ற அமெரிக்கர் ஸோரா ஃபோலியை வெம்பிளியில் பாயிண்டில் வென்றார். என்னைக் கேட்டால் கூப்பரின் மொத்தத் தொழிலிலும் தரத்தில் சிறந்த வெற்றி அதுதான், அலியோடு நடந்ததை விட மேலே வைப்பேன், ஏனென்றால் இதில் அவர் ஜெயித்தார். 1959 ஜனவரியில் பிரையன் லண்டனைத் தோற்கடித்து பிரிட்டிஷ், காமன்வெல்த் பட்டங்களை எடுத்தார். அதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவரிடம் தோற்ற பிரையன் லண்டனுக்குத்தான் அந்த வருஷம் மே மாதம் ஃப்ளாய்ட் பேட்டர்சனோடு உலக டைட்டில் சண்டை கிடைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வலது கை சுமார்தான். காப்புக்கும், எப்போதாவது ஒன்று விடுவதற்கும்தான் அது பயன்பட்டது. முதல் தர வீரர்கள் அவருடைய இடது கையை மட்டும் கவனித்தால் போதும் என்று புரிந்துகொண்டார்கள். ஒரே கையை நம்பியதால் அந்தக் கையும் பாடுபட்டது, இடது முழங்கைக் காயத்தால்தான் 1964-ல் கார்ல் மில்டன்பெர்கரோடு மோத முடியாமல் ஐரோப்பியப் பட்டத்தை இழந்தார். தாடையும் இரும்புத் தாடை இல்லை. ஃபோலி 1961-ல் திரும்பி வந்து இரண்டே ரவுண்டில் படுக்கவைத்தார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை தோல். கண்ணுக்கு மேலே புருவ எலும்பு துருத்தி இருந்தால் ஒரு உரசலுக்கே தோல் பிளக்கும். பிளந்து ஆறிய இடத்தில் தழும்பு விழும், தழும்புத் தோல் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பிளக்கும். கூப்பருக்கு இது தொடக்கத்திலிருந்தே இருந்தது, 1955-லும் 1956-லுமே காயத்தால் இரண்டு சண்டைகள் போயின. அவருடைய கார்னரில் டேனி ஹாலண்ட் என்று ஒருவர் இருந்தார், ரத்தத்தை நிறுத்துவதில் கைதேர்ந்தவர். அட்ரினலின் கலந்த களிம்பை வைத்து அழுத்தி, ஒரு நிமிட இடைவேளைக்குள் ஒழுக்கை அடைத்து அனுப்புவார். ஹாலண்ட் இல்லையென்றால் கூப்பர் இன்னும் பல சண்டைகளை இழந்திருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு 1963-க்கு வாருங்கள்.

1963 ஜூன் 18, வெம்பிளி ஸ்டேடியம், திறந்த வெளி. அலிக்கு அப்போது பெயர் கேஷியஸ் கிளே, வயது 21, தோல்வியே இல்லை, அடுத்து சானி லிஸ்டனோடு உலக டைட்டில் சண்டை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு ரிங்குக்கு வந்தார், ஐந்தாவது ரவுண்டில் முடிப்பேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கூப்பருக்கு 29 வயது, எடை சுமார் 84 கிலோ. கிளே சுமார் 94 கிலோ. உயரமும் கையின் நீளமும் கிளே பக்கம்.

முதல் ரவுண்டிலிருந்தே கூப்பர் நெருக்கினார். கிளே பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய வேகமான குத்துகள் பட்டு கூப்பரின் இடது கண்ணுக்கு மேலே பிளந்துவிட்டது. அதைப் பார்த்த கிளே முடிக்கப் பார்க்கவில்லை, ஐந்தாவது ரவுண்டு என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விளையாட ஆரம்பித்தார். நாலாவது ரவுண்டு முடியச் சில நொடிகள்தான் இருந்தன. கூப்பர் அவரைக் கயிற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஜாப் போட்டுப் போட்டு, தலை பின்னால் சாய்ந்த நேரத்தில் அந்த இடது ஹூக்கை விட்டார். தாடையின் பக்கவாட்டில் பட்டது. கிளே பின்னால் கயிற்றில் சரிந்து கீழே உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பதிவில் பாருங்கள், கண் திறந்திருக்கிறது, பார்வை எதிலும் நிற்கவில்லை. எழுந்துவிட்டார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து எழவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் குத்தை என் ஆப்பிரிக்க முன்னோர்கள் கூட உணர்ந்திருப்பார்கள் என்று அலியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

க்ளவுஸ் கதை இங்கேதான் வருகிறது. கிளேயின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ, க்ளவுஸில் ஒரு கிழிசல் இருப்பதை நடுவர் டாமி லிட்டிலிடம் காட்டினார். அந்தத் தையல் முன்பே கொஞ்சம் விட்டிருந்தது, தன் பங்குக்கு விரலை விட்டு அதைப் பெரிதாக்கியதாக டண்டீ பின்னாளில் ஒப்புக்கொண்டார். இதை வைத்து, மாற்று க்ளவுஸ் தேடி மூன்று நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது என்று கதை வளர்ந்துவிட்டது. பதிவில் நொடி எண்ணிப் பாருங்கள், அந்த இடைவேளை வழக்கமான ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடியது சில நொடிகள்தான். க்ளவுஸை மாற்றவும் இல்லை, கிழிந்த க்ளவுஸோடுதான் கிளே ஐந்தாவது ரவுண்டில் ஆடினார். ஆகவே க்ளவுஸ் காப்பாற்றியது என்பது நிற்காது.

டண்டீ செய்த உண்மையான தப்பு வேறு, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மயக்கம் தெளிவிக்கிற உப்பை கிளேயின் மூக்கில் காட்டினார். பிரிட்டிஷ் விதிப்படி அது கூடாது, மயக்கம் தெளிவிக்கத் தண்ணீர் மட்டும்தான் அனுமதி. கண்டிப்பான நடுவர் அதைப் பார்த்திருந்தால் அங்கேயே தகுதி நீக்கம் செய்திருக்கலாம். கூப்பர் தரப்புக்கு நியாயமான குறை ஒன்று உண்டென்றால் அது இந்த உப்புதான்.

சரி, உப்பும் இல்லை, க்ளவுஸும் கிழியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் எப்படியும் உண்டு. கிளேக்கு 21 வயது, மீண்டு வரும் வேகம் அசாத்தியம். பின்னாளில் ஜோ ஃப்ரேஸியரின் ஹூக்கில் விழுந்து உடனே எழுந்த மனிதர் அவர். என் கணக்கில் க்ளவுஸையும் உப்பையும் விட மணி அடித்த நேரம்தான் பெரிது. அதே குத்து ரவுண்டின் நடுவில் பட்டிருந்தால் கூப்பர் விட்டிருக்க மாட்டார், ஆளை அடிபட்ட நிலையில் பிடித்துவிட்டால் முடிக்கத் தெரிந்தவர். கயிறும் கிளேயின் விழுகையைத் தாங்கியது. இவை இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டால், ஆமாம், அன்றைக்குக் கூப்பர் ஜெயித்திருக்க வாய்ப்பு உண்டு. ஐந்தாவது ரவுண்டில் கிளே விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு நேராக வந்து இரண்டு கையாலும் முகத்தில் போட்டார். கூப்பரின் கண்ணுக்கு மேலே இருந்த பிளவு பெரிதாகி, முகம், மார்பு, கால்சட்டை எல்லாம் ரத்தம். லிட்டில் நிறுத்தியது சரி. அந்தக் கண்ணோடு இன்னொரு ரவுண்டு ஆடவிட்டிருக்கக் கூடாது.

1966 மே 21-ல் ஆர்சனல் அணியின் ஹைபரி மைதானத்தில் மறுபடி மோதினார்கள். அலி இப்போது உலக சாம்பியன், கிட்டத்தட்ட 46,000 பேர் பார்த்தார்கள். இந்த முறை அலி கையைத் தொங்கப் போடவே இல்லை. கூப்பர் நெருங்கும்போதெல்லாம் கழுத்தைப் பின்னால் பிடித்து அமுக்கி, நடுவர் பிரித்துவிட்டதும் தாவி வெளியே போய்விடுவார். அலி ஒருவரை இவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாண்டார் என்றால் அந்த இடது கைக்கு அதை விடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். ஐந்து ரவுண்டு வரை கூப்பர் சமமாகவே ஆடினார், சில ரவுண்டுகளை அவருக்கே கொடுக்கலாம். ஆறாவதில் மறுபடி இடது கண்ணுக்கு மேலே ஆழமான பிளவு, சண்டை முடிந்தது.

அவர் பெரிய தலையாக மாறாமல் போனதற்கு எடையைக் காரணம் சொல்வார்கள். 84, 85 கிலோ என்றால் இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டே இல்லை, 90.7 கிலோ வரம்புள்ள க்ரூஸர்வெயிட்டில் ஆடியிருப்பார். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, லிஸ்டன் மாதிரி ஆளோடு அவரை மோதவிட விக்ஸ் கடைசி வரை ஒப்புக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம், அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மீதிப் பாதி சரியில்லை. பேட்டர்சன் அவரை விடச் சில கிலோதான் கூட, ஜொஹான்சனும் ராட்சசர் இல்லை, அந்த இரண்டு பேருமே கூப்பரை ஐந்து ரவுண்டுக்குள் முடித்தார்கள். 1966 செப்டம்பரில் பேட்டர்சனோடு நடந்த சண்டையில் கூப்பர் காயத்தால் தோற்கவில்லை, கை வேகத்தில் தோற்றார். முதல் தர வேகம் எதிரே வந்தபோது அவரிடம் பதில் இல்லை. அதனால்தான் ஒரு படி கீழே என்று சொன்னேன்.

அந்த ஒரு படி கீழே அவர் செய்ததைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். பிரிட்டிஷ் டைட்டிலுக்கு லான்ஸ்டேல் பெல்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரே எடைப் பிரிவில் மூன்று டைட்டில் சண்டைகளில் ஜெயித்தால் அது நிரந்தரமாகச் சொந்தமாகிவிடும். அப்படி மூன்று பெல்ட் சொந்தமாக்கிய முதல் ஆள் கூப்பர், அதாவது ஒன்பது டைட்டில் வெற்றிகள். 1959 ஜனவரியில் தொடங்கி 1967 நவம்பரில் பில்லி வாக்கரோடு அது நிறைவேறியது. அந்தச் சண்டையில் கண்ணுக்கு மேலே பிளந்து நிறுத்தப்பட்டது வாக்கர்தான், கூப்பரின் ஜாப் அவ்வளவு கூர்மை. எர்ஸ்கினோடு அவருக்கு ஐந்து சண்டைகள், முதல் இரண்டில் தோற்று அடுத்த மூன்றில் ஜெயித்தார். எர்ஸ்கின் பலம் குறைந்தாலும் நுணுக்கத்தில் கூப்பரை விடப் பெரிய ஆள். அப்படிப்பட்டவரை மூன்று தடவையும் கெடுவுக்கு முன்பே நிறுத்தினார் என்பதை கூப்பரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை. ஓய்வுக்குப் பிறகு லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் போட்ட பணம் நஷ்டமாகி, 1993-ல் அந்த மூன்று பெல்ட்டையும் ஏலத்தில் விற்க வேண்டி வந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

முப்பத்திநாலு வயதுக்குப் பிறகும் ஐரோப்பாவில் நன்றாகவே ஆடினார். 1968-ல் மில்டன்பெர்கர் தலையால் முட்டியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட ஐரோப்பியப் பட்டம் திரும்ப வந்தது. 1969-ல் ரோமில் பியரோ டொமசோனி இடுப்புக்குக் கீழே விட்ட குத்துகளையெல்லாம் வாங்கிக்கொண்டு ஐந்தாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். அதே வருஷம் உலக டைட்டிலில் ஒரு பாதிக்கு, அதாவது டபிள்யூபிஏ என்ற அமைப்பின் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு மோத வழி பிறந்தது. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினாரே, எதிரே நின்றது இந்த எல்லிஸ்தான். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் டபிள்யூபிஏ-வை ஏற்காததால் இதை டைட்டில் சண்டையாக அங்கீகரிக்க மாட்டோம் என்றது. கூப்பர் கோபத்தில் பிரிட்டிஷ் பட்டத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கடைசியில் முழங்கால் காயத்தால் அந்தச் சண்டையும் நடக்கவில்லை. எல்லிஸ் மிடில்வெயிட்டிலிருந்து வளர்ந்து வந்தவர், எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. கூப்பருக்கு நிஜமான வாய்ப்பு இருந்த ஒரே உலக டைட்டில் சண்டை இதுவாக இருந்திருக்கும் என்பது என் மதிப்பு. க்ளவுஸை நினைத்து வருத்தப்படுகிறவர்கள் இதற்காக வருத்தப்படலாம்.

கடைசிச் சண்டை 1971 மார்ச் 16, வெம்பிளி. எதிரே ஜோ பக்னர், 1956-க்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன், மூன்று நாள் முன்புதான் 21 முடிந்திருந்தது. கூப்பருக்கு 37 ஆகப் போகிறது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் நீதிபதிகள் மூவர் கிடையாது, நடுவர் ஒருவரே பாயிண்ட் போடுவார். ரவுண்டை ஜெயித்தவருக்கு 5, தோற்றவருக்குக் கால் பாயிண்ட் குறைவு. பதினைந்து ரவுண்டு முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ் நேராகப் போய் பக்னரின் கையைத் தூக்கினார். 73¾-க்கு 73½, அதாவது ஒரே ஒரு ரவுண்டு வித்தியாசம். ஒரே இரவில் பிரிட்டிஷ் (முன்பு விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வென்றிருந்தார்), காமன்வெல்த், ஐரோப்பிய மூன்று பட்டமும் போய்விட்டன. அரங்கம் முழுக்கக் கூச்சல், பிபிசி வர்ணனையாளர் ஹாரி கார்பென்டருக்கே அந்த முடிவை நம்ப முடியவில்லை. கூப்பர் கிப்ஸோடு பல வருஷம் பேசவே இல்லை. என் பார்வையில் கூப்பர் ஒரு ரவுண்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், பட்டத்தை வைத்திருக்கிறவரிடமிருந்து பிடுங்குவதற்கு பக்னர் செய்தது போதாது. அதற்காகக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பின் ரவுண்டுகளில் பக்னரின் ஜாப் சுத்தமாகப் பட்டுக்கொண்டிருந்தது, கூப்பரின் கால்கள் முன்பு மாதிரி இல்லை. கிப்ஸ் நேர்மையான ஆள், தான் பார்த்ததைப் போட்டார்.

பிரிட்டிஷ் ஹெவிவெயிட்களில் எங்கே வைப்பீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். லெனக்ஸ் லூயிஸ் முதலிடம், அதில் பேச்சே இல்லை. அடுத்து டைசன் ஃப்யூரி, அப்புறம் ஆன்டனி ஜோஷ்வா. 1937-ல் ஜோ லூயிஸோடு பதினைந்து ரவுண்டு நின்ற டாமி ஃபார், 1995-ல் உலக பெல்ட் ஜெயித்த ஃப்ராங்க் புருனோ, கூப்பர் ஆகிய மூவரும் அதற்குக் கீழே ஒரே வரிசை. புருனோவும் கூப்பரும் ரிங்கில் ஏறினால் புருனோவின் உடல் பலமே ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புருனோ பிரிட்டிஷ் பட்டத்தை ஒரு தடவை கூட வென்றதில்லை, அந்தப் பட்டத்துக்கு யார் வந்தாலும் மறுக்காமல் பன்னிரண்டு வருஷ இடைவெளியில் மோதிக்கொண்டே இருந்தவர் கூப்பர். நீண்ட நாள் தரத்தைக் கணக்கில் எடுத்தால் இந்த மூவரில் கூப்பருக்கே என் ஓட்டு. மக்கள் அன்பையும் சேர்த்தால் லூயிஸ் கூட கூப்பருக்குப் பக்கத்தில் வர முடியாது. பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை இரண்டு தடவை வாங்கிய முதல் ஆள் அவர், 1967-லும் 1970-லும். 2000-ல் சர் பட்டமும் கொடுத்தார்கள். 2011 மே 1-ல், 77 வயது முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலமானார்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய நினைத்தால், கிளே விழுந்த அந்த ஐந்து நொடித் துண்டை மட்டும் பார்க்காதீர்கள், அந்தச் சண்டையை முதல் ரவுண்டிலிருந்து பாருங்கள். கூப்பரின் வலது கையை மறந்துவிட்டு இடது காலைக் கவனியுங்கள், ஜாப் ஒவ்வொன்றுக்கும் அது அரை அடி முன்னால் போகும், ஹூக்குக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாக ஊன்றும். அப்புறம் 1970 நவம்பரில் ஸ்பெயினின் ஹோஸே உர்டெய்னோடு நடந்த சண்டை கிடைத்தால் தேடிப் பாருங்கள். உர்டெய்ன் பாஸ்க் பகுதியில் கல் தூக்கும் போட்டிகளில் பேர் வாங்கியவர், காளை மாதிரி உள்ளே வருவார். 36 வயதுக் கூப்பர் ஜாபை மட்டுமே வைத்து அவருடைய முகத்தை வீங்க வைத்து நிறுத்துகிறார், ஹூக்குக்கு அதிகம் வேலையே இல்லை.